பாலைவனச் சுற்றுலா: டீசல் கணக்கு மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குஜராத்தின் கட்ச் வெண்பாலைக்கும் ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கும் குடும்பத்தோடு காரிலேயே போய்வரலாம், விமான டிக்கெட்டில் பாதிதான் டீசல் செலவு என்று தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்திருந்தது. டீசல் செலவு பாதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் டீசலைத் தவிர வேறெதுவும் இல்லை. அதை நம்பி டிசம்பரில் வண்டி எடுக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறோம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை பக்கம் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்களும் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் சேர்ந்து எழுதும் கடிதம் இது.

முதலில் தூரம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை, சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பெங்களூரு – புனே 840. புனே – அகமதாபாத் 660. அகமதாபாத் – புஜ் 330. புஜ்ஜிலிருந்து வெண்பாலை இருக்கும் தோர்டோ இன்னும் 80. ஆக ஒரு வழிக்கே 2,300 கிலோமீட்டர். ஜெய்சல்மேர் என்றால் அகமதாபாத்திலிருந்து பார்மேர் வழியாக 530 கிலோமீட்டர் போக வேண்டும். மொத்தம் 2,400-ஐத் தாண்டும். சத்தியமங்கலம், கொள்ளேகால் வழி கொஞ்சம் குறையுமே என்பார்கள். திம்பம் மலைப்பாதை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, இரவில் வண்டி விடமாட்டார்கள். விடியற்காலை கிளம்புகிறவருக்கு அந்த வழி உதவாது.

நால்வழி, ஆறுவழிச் சாலையானாலும் சாப்பாடு, டீ, டோல், ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்தால் மணிக்கு 55 முதல் 60 கிலோமீட்டர்தான் சராசரி வரும். நாளுக்கு 600 கிலோமீட்டர் என்பது பத்து, பதினோரு மணி நேர ஓட்டம். முதல் நாள் சித்ரதுர்கா, இரண்டாம் நாள் புனே, மூன்றாம் நாள் அகமதாபாத், நான்காம் நாள் மாலை தோர்டோ. திரும்பவும் நாலு நாள். பத்து நாள் விடுமுறையில் எட்டு நாள் தேசிய நெடுஞ்சாலைக்குப் போய்விட்டால் பாலைவனத்துக்கு மிஞ்சுவது இரண்டு நாள். வண்டி ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு போட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஓட்டிப் பழகியவர் எட்டு நாள் தொடர்ந்து பதினோரு மணி நேரம் ஸ்டீயரிங் பிடிப்பது சரியல்ல. நன்றாக ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இல்லாத குடும்பம் இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

இனிப் பணம். நாலு பெரியவர்கள், இரண்டு அறை, டீசல் கார், உள்ளூர்ச் சுற்றலும் சேர்த்து 5,200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைத்தால் 290 லிட்டர். லிட்டர் 90 ரூபாயை ஒட்டி, 26,000 ரூபாய். (வாளையார் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில்தான் டேங்க் நிரப்ப வேண்டும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) டோல் இரு வழிக்கும் 6,000 ரூபாய் அளவில். வழியில் ஆறு இரவு, அறை 2,000 வீதம் 24,000. வழிச் சாப்பாடு 10,000. பிறகு யாருமே எழுதாத செலவு ஒன்று: டயர் தேய்மானமும் சர்வீஸும். நாலு டயர் 25,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் இந்தப் பயணம் மட்டும் 3,250 ரூபாய் ரப்பரைத் தின்றுவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் அதில் பாதி இங்கேயே முடிந்துவிடும். இரண்டும் சேர்த்து 6,500. மொத்தம் 72,500, தலைக்கு 18,000 சொச்சம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் என்றால் இன்னும் பத்தாயிரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போனால் கோவை விமான நிலையத்துக்குப் போகவர 3,000. அங்கே இறங்கி நாலு நாளைக்கு டாக்ஸி, 1,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 14 வீதம், ஓட்டுநர் பேட்டாவும் சேர்த்து 16,000. ஆக டிக்கெட் போக 19,000. இந்தக் கணக்குப்படி ஒரு வழி டிக்கெட் 6,700 ரூபாய்க்குள் கிடைத்தால் நாலு பேருக்கு விமானம் மலிவு, அதற்கு மேல் போனால் கார் மலிவு. இரண்டு பேர் மட்டும் போவதென்றால் காரில் அறையும் சாப்பாடும் பாதியாகும், டீசலும் டோலும் தேய்மானமும் குறையாது. மொத்தம் 55,500. அவர்களுக்கு டிக்கெட் 9,100 வரை போனாலும் விமானமே மலிவு. கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் டிக்கெட் பன்னிரண்டாயிரத்துக்குப் போவதும் உண்டு; அப்போது நாலு பேர் குடும்பத்துக்கு விமானச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். பயணத்தை ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ள முடிந்தவர்களுக்கு அந்த விலை இல்லை, கூட்டமும் இல்லை. வெண்பாலையும் அப்போது இன்னும் நன்றாகக் காய்ந்திருக்கும்.

எங்கள் யோசனை இதுதான்: பன்னிரண்டு நாளுக்குக் குறைவாக லீவு இருப்பவர்கள் விமானத்தில் போய், கடைசி முந்நூறு நானூறு கிலோமீட்டரை மட்டும் அங்கே எடுக்கும் வண்டியில் போகட்டும். பாலைவனத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்து, நாலைந்து பேராகி, ஓட்டுகிறவர் இருவர் இருந்தால் சொந்தக் காரில் போவதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் போகிறவர் சித்ரதுர்காக் கோட்டை, பாதாமி, கோலாப்பூர் என்று வழியில் இறங்கிப் பார்த்துப் போனால்தான் கொடுத்த காசு செரிக்கும்.

எந்த விமான நிலையம் என்பதிலும் யோசனை வேண்டும். புஜ்ஜில் விமான நிலையம் உண்டு, ஆனால் வந்து போகும் விமானங்கள் சொற்பம். ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாள்தான். ஜெய்சல்மேருக்கும் குளிர்காலத்தில்தான் விமானங்கள் ஒழுங்காக வரும். மற்றக் காலத்தில் ஜோத்பூரில் இறங்கி 285 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், சாலையில் போக வேண்டும். போகும்போது புஜ்ஜில் இறங்கலாம். தாமதமானால் அறை வாடகை ஒரு நாள் போகும், அவ்வளவுதான். திரும்பும்போது அகமதாபாத் வந்து ஓர் இரவு தங்கிக் காலையில் ஏறுவது நல்லது. அங்கிருந்து ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கலாம். புஜ் – அகமதாபாத் இடையே 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும், டாக்ஸிகூட வேண்டாம்.

கோவையிலிருந்து போகும்போது மாறுவதற்குத் தில்லியை எடுக்காதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க அங்கே காலை மூடுபனியில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், அடுத்த விமானம் தவறும். மும்பை வழி மேல். ஆனால் மும்பையில் முதல் டெர்மினலும் இரண்டாம் டெர்மினலும் ஒரே கட்டடம் அல்ல. வெளியே வந்து ஊர்ச் சாலையில் வண்டி பிடித்துப் போக வேண்டும். போதாததற்கு 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையமும் திறந்தாயிற்று. இறங்குவது ஓர் ஊர்க்கோடி, ஏறுவது இன்னொரு ஊர்க்கோடி என்று டிக்கெட் அமைந்துவிடக் கூடாது. இரண்டு விமானத்துக்கும் ஒரே பி.என்.ஆர். இருக்க வேண்டும். மலிவு என்று தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணம் போனதுதான். பெட்டியையும் இடையில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

குளிருக்கான கம்பளி, ஜாக்கெட் எல்லாம் பெட்டியில் அடைத்தால் 15 கிலோவை எளிதில் தாண்டும். கனமானதை உடம்பில் போட்டுக்கொண்டே ஏறிவிடுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். பவர் பேங்கும் அப்படியே. புஜ், ஜெய்சல்மேர், ஜோத்பூர் மூன்றும் விமானப்படைத் தளங்களில் இருக்கும் நிலையங்கள். படியில் நின்று செல்பி எடுத்தால் போனைப் பிடுங்குவார்கள். 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் வந்தபோது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைச் சில நாள் மூடினார்கள், இந்த மூன்றும் அதில் இருந்தன. அப்படி நேர்ந்தால் அகமதாபாத்துக்குச் சாலையில் வந்துவிடலாம் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் போதும்.

அங்கே வண்டி எடுக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. வெளியூர் டாக்ஸிக்கு நாளுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்று கணக்கு வைப்பார்கள். நீங்கள் தோர்டோவில் உட்கார்ந்தே இருந்தாலும் அந்தப் பணம் உண்டு. ஆகவே நாலு நாளும் ஒரே வண்டியைக் கட்டிவைப்பதா, போக ஒன்று வர ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் வாடகையில் அடக்கமா தனியா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் சரி. நீங்களே ஓட்டும் வாடகைக் கார் என்றால் சாவி வாங்கும் முன் வண்டியைச் சுற்றி, பம்பரின் அடிப்பக்கம், நாலு ரிம், கண்ணாடி, ஸ்டெப்னி எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்குப் புதுப் பணம் கேட்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

சொந்தக் காரில்தான் போவோம் என்கிறவர்களுக்கு இனி ஒர்க்‌ஷாப் பேச்சு.

டயரில் தொடங்குவோம். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், நன்றாக இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயரோடு இந்தப் பயணம் வேண்டாம்; ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும், கான்கிரீட் சாலையில் நூறில் போகும்போது அங்கேதான் கிழியும். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். அதில் இரண்டு அளவு இருந்தால் ஐந்து பேர், முழு லக்கேஜுக்கான அளவை வையுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். அங்கே விடியற்காலை 8 டிகிரி, மதியம் 28 டிகிரி. ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் காற்று தானாக ஏறும். மதியம் சூடான டயரில் அளந்து, கூடிவிட்டது என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் தொய்ந்து கிடக்கும். தொய்ந்த டயர் ஓட ஓட மடிந்து நிமிர்ந்து சூடாகும். டயர் வெடிப்பு பலவும் இப்படி வருவதுதான், காற்று கூடியதால் அல்ல. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தீர்களா? புதுக் கார்கள் பலவற்றில் அது ஒல்லிச் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அடுத்த பஞ்சர் கடை வரைதான் அதன் ஆயுள்.

ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதை வடித்துவிட்டு, கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கம்பெனி சொன்ன அளவில் கலந்து நிரப்புங்கள். மூடியின் ரப்பர் வாஷர் உப்பியிருந்தால் மூடியையே மாற்றுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் கூலண்ட் சீக்கிரம் கொதித்து வழிந்துவிடும். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சிலவற்றுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். திரவம் ஊற்ற வேண்டும். அது அடியோடு தீர்ந்தபின் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, மெக்கானிக் வந்தாலும் திரவம் ஊற்றாமல் ஒன்றும் நடக்காது. உங்கள் வண்டிக்கு அது உண்டா என்று கையேட்டில் பார்த்து, உண்டென்றால் ஒரு கேனை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். ஏர் பில்டர் ஒன்று கூடுதலாக வேண்டும். அங்கத்துப் புழுதி மைதா மாவு போல நுண்ணியது, தட்டினால் போகாது.

டோலுக்கான பாஸ்டேக் ஆண்டு பாஸ் பற்றிக் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது, 200 முறை அல்லது ஓராண்டு. இந்த ஒரு பயணத்திலேயே போட்ட பணம் வந்துவிடும். ஆனால் தேசிய நெடுஞ்சாலை டோல்களில்தான் செல்லும். மும்பை – புனே விரைவுச்சாலை மாநில நிறுவனத்தின் கையில் இருப்பதால் அங்கே தனியாகக் கழியும், பாஸ் இருக்கிறதே என்று டேக்கில் காசில்லாமல் போகக் கூடாது. டேக் வேலை செய்யாவிட்டால் யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டும். வாடகை வண்டிகளுக்கு இந்தப் பாஸ் கிடையாது.

வழியில் நேரம் தின்னும் இடங்கள் மூன்று. புனே சுற்றுச்சாலையில் காத்ரஜ் தாண்டி நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் பின்னால் வந்து மோதுவதில் பேர்பெற்ற இடம். இரண்டாம், மூன்றாம் கியரில் வலது ஓரம் ஒதுங்காமல் இறங்குங்கள், லாரிக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள். பன்வேலிலிருந்து தாணே, கோட்பந்தர் வழியாக வசாய் போவது பகலில் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். லோனாவாலாவிலோ பன்வேலிலோ தங்கி விடிகாலை ஐந்து மணிக்கு அதைக் கடந்துவிட வேண்டும். மூன்றாவது, கட்சுக்குள் நுழையும் சூரஜ்பாரி பாலம். காண்ட்லா, முந்த்ரா துறைமுகங்களுக்குப் போகும் லாரியும் உப்பு லாரியும் நிறைய அந்த வழியாகத்தான் நுழையும். அங்கே ஒரு லாரி அச்சு முறிந்து நின்றால் உங்கள் மாலை போயிற்று.

பாலையில் வெளிச்சத்தின் கணக்கே வேறு. டிசம்பர் கடைசியில் புஜ்ஜில் சூரியன் எழ ஏழரை மணி ஆகும், நம் ஊரைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தி. அதற்கு முன் இருட்டும் பனியும். நம் ஊர்ப் பழக்கத்தில் நாலு மணிக்கு வண்டி எடுத்தால் மூன்றரை மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டும். அந்த இருட்டில் சாலையில் நிற்பவை மாடும் நீல்காய் என்ற பெரிய மானும் ஒட்டகமும். மாட்டை இடித்தால் பம்பரும் ரேடியேட்டரும் போகும். ஒட்டகத்தின் கால் நீளம். காரின் மூக்கு காலைத் தட்டிவிட, அத்தனை கனமான உடம்பும் நேராகக் கண்ணாடியில் வந்து விழும். முன்சீட்டில் இருப்பவர்கள் தப்புவது கடினம். ஜெய்சல்மேர், பார்மேர், கட்சில் உள்ள காவ்டா பக்கம் பொழுது சாய்ந்தபின் வண்டியை நகர்த்தக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், பனி விளக்கு, கண்ணாடிக்கு டீபாகர் போதும்.

வெண்பாலை மணல் இல்லை, உப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் நின்று, பிறகு வற்றி, டிசம்பரில் மேலே ஒரு வெள்ளைத் தகடு காயும். அதற்குக் கீழே கறுப்புச் சேறு அப்படியே ஈரமாக இருக்கும். ஆள் நடந்தால் தாங்கும், கார் ஏறினால் அச்சு வரை இறங்கும். வண்டியை நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு நடந்தோ ஒட்டக வண்டியிலோதான் போக வேண்டும். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், பிரண்டியாரா சோதனைச் சாவடியில் சிறு கட்டணத்துக்குக் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டை அவசியம். வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவருக்கு நடைமுறை வேறு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டீசலைப் புஜ்ஜிலேயே நிரப்பிவிடுங்கள். மேப்பையும் புஜ்ஜிலேயே போனில் இறக்கிவையுங்கள், காவ்டா தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். திரும்பியதும் முதல் வேலையாக வாட்டர் சர்வீசில் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம், வீல் ஆர்ச் உட்புறம், பிரேக் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை விட்டால் அடுத்த மழைக்குள் சைலென்சர் ஸ்டாண்டும் பிரேக் பைப்பும் துருவேறும்.

ஜெய்சல்மேரில் உள்ளது மணல். சாம் மணல்மேடு ஊரிலிருந்து 40 கிலோமீட்டர், தார்ச்சாலை அதன் ஓரம் வரை போகிறது. சாலையை விட்டு இறங்காதீர்கள். முன்சக்கரம் இழுக்கும் நம் கார்கள் அந்த மணலுக்குச் செய்ததல்ல. தெரியாமல் இறங்கிச் சக்கரம் சுழன்றால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டும், அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். எல்லாரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி எடுத்து, டயர் காற்றை 16 – 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்தடியில் காரின் தரை விரிப்புகளைக் (ஃப்ளோர் மேட்) குப்புறப் போட்டு, ட்ராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பின்னோக்கி மெல்ல எடுங்கள். வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும், அதனால்தான் பின்னோக்கி. தார்ச்சாலை ஏறியதும் பத்து கிலோமீட்டருக்குள் காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும். சிகரெட் லைட்டரில் சொருகும் பம்ப் டிக்கியில் இருப்பது இதற்குத்தான். எல்லைப் பக்கத்துத் தனோட் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் ராம்கட்டிலேயே டீசல் போட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்கு அப்பால் எல்லை வரை போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கென்றே ஒரு வார்த்தை. குஜராத்தில் மதுவிலக்கு. டையூ, டாமன், மகாராஷ்டிரம் வழியாக வரும் வெளிமாநில வண்டிகளை எல்லையில் நிறுத்தி டிக்கியைத் திறப்பார்கள். ஒரே ஒரு பாட்டில் இருந்தாலும் வழக்கு, வண்டியையும் ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தோடு போகும்போது அந்த அவமானம் வேறு.

பேப்பர் விஷயத்தில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். வண்டி அண்ணன் பேரிலோ மாமனார் பேரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்துப் போவது. கோவையிலும் பாலக்காட்டிலும் நாள் வாடகைக்குத் தெரிந்தவர் காரைக் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகை ஓட்டம் கிடையாது. ஊருக்குள் ஒரு கீறல் என்றால் பேசி முடிக்கலாம். 2,000 கிலோமீட்டர் தள்ளி ஆளுக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி நிபந்தனையைக் காட்டும், நஷ்டஈடு வண்டிக்காரர் தலையிலும் ஓட்டியவர் தலையிலும் விழும். எங்கள் பிழைப்புக்காகச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை, பாலிசியில் உபயோக வரம்பு என்று தலைப்பிட்ட பத்தியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

லடாக்கையும் பாலைவனம் என்று உங்கள் பட்டியலில் சேர்த்திருந்தீர்கள். அது குளிர்ப் பாலைவனம். லே விமான நிலையமே 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே விமானத்தில் இறங்குகிறவர் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை இந்தக் கணக்கோடு கலக்காமல் தனியாக எழுதுவது நல்லது.

கடைசியாக, விமானமா காரா என்ற பேச்சில் நம் மாவட்டத்துக்காரர்கள் மறந்துவிடும் மூன்றாவது வழி ஒன்று. கோவை – ஹிசார் வாராந்திர ஏசி ரயில் பாலக்காட்டில் நின்று, கொங்கண் பாதையில் போய், மாறாமல் ஜோத்பூரில் இறக்கிவிடும். வாரம் ஒருமுறைதான் என்பதால் இரு வழிக்கும் தேதி பொருந்தாது. போக ரயில், வர விமானம் என்று வைத்துக்கொண்டால் டிக்கெட் செலவு பெருமளவு குறையும், முதியவர்களுக்கும் கால் நீட்டிப் படுத்து வர முடியும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 20-ஆம் தேதிப் பயணம் என்றால் அக்டோபர் 21 காலை எட்டு மணி. முன்பதிவு திறக்கும் அந்த நாளில் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு உள்ளவர்களால்தான் ஆன்லைனில் எடுக்க முடியும், ஆகவே அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
சுற்றுலா வண்டி ஓட்டுநர்களும் ஒர்க்‌ஷாப் நண்பர்களும்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்